வாங்குவீர்களா, மாட்டீர்களா?

ராணுவத்துக்கு வேண்டிய பொருளைச் சிறு நிறுவனங்கள் உருவாக்க அரசு தரும் மானியத்தைப் பற்றி ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி மேடையில் பேசிய அந்தக் காணொலியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன், தேவைக்கு மேலேயே பார்த்துவிட்டேன். “சின்னப் பட்டறைக்காரர்கள் மானியத்துக்காகத்தான் வருகிறார்கள், தவணை கைக்கு வந்ததும் ஆளைக் காணோம்” என்று அவர் சொன்னதும், முன்வரிசை சிரித்ததும், பிறகு கைதட்டியதும் எனக்கு மனப்பாடம். கைதட்டியவர்களில் எங்கள் கோயம்புத்தூர்க்காரர்களும் உண்டு. அவர்களில் எங்களுக்கு பில் பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. போகட்டும்.

நான் பொறியாளர் இல்லை. எங்கள் மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டுவது என் வீட்டுக்காரர், இவருடைய வேலை. கணக்கு, சம்பளம், ஜி.எஸ்.டி., வங்கி எல்லாம் என் பொறுப்பு. அதனால் மானியத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் மானியம் கேட்டு நிற்கவில்லை. படைக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செய்தோம், உங்கள் ஆட்களே சோதித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்குவீர்களா, மாட்டீர்களா? இவ்வளவுதான் கேள்வி.

2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில்தான் ஐடெக்ஸ் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். படைகள் தங்கள் தேவையைச் சொல்லும். சிறு நிறுவனங்கள் தீர்வோடு வரலாம். தேர்வானால் முன்மாதிரி செய்ய ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கிடைக்கும். பிறகு ஐடெக்ஸ் பிரைம் வந்து அது 10 கோடி ஆனது. 2024-இல் அதிதி என்ற திட்டம் வந்து 25 கோடி ஆனது. அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியில் ஒரு திட்டத்துக்கான உச்சவரம்பு 10 கோடியிலிருந்து 50 கோடிக்கு உயர்ந்தது. பாதுகாப்பு ஆய்வு பட்ஜெட்டில் கால் பங்கு தொழில்துறைக்கும் புதிய நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் என்று 2022-இல் நிதியமைச்சர் அறிவித்தார். தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்தது. சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோயம்புத்தூரும் அதில் ஒரு முனையம். எல்லாம் நல்ல அறிவிப்புகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கூடுவது செய்வதற்கான பணம். வாங்குவதற்கான உறுதி அதே வேகத்தில் கூடவில்லை.

2025 பிப்ரவரி வரை ஐடெக்ஸில், பொருளை உருவாக்குவதற்காக 430 ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. கொள்முதலாக மாறியவை அதில் ஒரு சிறு பகுதி. மேடையில் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள்.

மானியம் என்றதும் யாரோ சும்மா தூக்கிக் கொடுப்பதாக நினைக்கிறீர்கள். ஐடெக்ஸில் நிறுவனமும் தன் பங்கை ஈடாகப் போட வேண்டும். பணம் மொத்தமாக வராது, கட்டம் கட்டமாக வேலையை முடித்துக் காட்டக் காட்டத் தவணை வரும். இடைப்பட்ட காலத்தில் தாமிரக் கம்பி விற்பவர் காத்திருப்பாரா? மின்வாரியம் காத்திருக்குமா?

எங்கள் கதையைச் சொல்கிறேன். எந்தத் திட்டம், எந்தப் படை, எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. நாளைக்கும் நாங்கள் இதே ஊரில் தொழில் செய்ய வேண்டும். உயரமான மலைப்பகுதியில் ஓடக்கூடிய ஒரு சிறு மோட்டார் கேட்டார்கள். பம்பு மோட்டாரே சுற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு இதென்ன பெரிய வேலை என்று நான் நினைத்தேன். பெரிய வேலைதான். மேலே காற்று மெலிந்திருக்கும், விசிறி எவ்வளவு சுழன்றாலும் சூடு இறங்காது. வெளியே உறைபனி, பேரிங்கில் கிரீஸ் கெட்டியாகிப் போகும். உள்ளே வெந்து வெளியே உறையும் ஒரு பொருளை எப்படிப் பிழைக்க வைப்பது? இவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அதை யோசித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வைண்டிங்கைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினார்கள். பிறகு ஜே.எஸ்.எஸ். 55555 சோதனை, அதாவது ராணுவக் கருவிகள் கடினச் சூழலைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை. அதிர்வு, தூசி, உப்புக் காற்று, பூஞ்சை என்று ஒரு பெரிய பட்டியல். ஆய்வகத்தில் எங்களுக்கு இடம் கிடைத்ததெல்லாம் இரவில்தான். மோட்டார் எல்லாவற்றிலும் தேறியது. களத்தில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் ‘திருப்திகரம்’ என்று எழுதிய தாள் என் பீரோவில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. எங்களிடம் கேட்ட அதிகாரிக்கு இடமாற்றம். புதிதாக வந்தவர், “இதை யார் கேட்டது?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பிறகு தேவையை மறுபரிசீலனை செய்வதாகக் கடிதம் வந்தது. பிறகு பொது டெண்டர் என்றார்கள். டெண்டரில் எல்-1, அதாவது குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். ஆராய்ச்சிச் செலவைத் தலையில் சுமந்துகொண்டு நாங்கள் ஒரு விலை சொன்னோம். வெளிநாட்டு மோட்டாரைக் கொண்டுவந்து விற்பவர் ஒரு விலை சொன்னார். யார் எல்-1 என்று நான் சொல்ல வேண்டுமா?

கடைசித் தவணை தாமதமானபோது, சிறு தொழில் நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டியைப் போல மூன்று மடங்கு தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். “அம்மா, அது விற்பனை பில்லுக்கு. இது மானியத் தவணை” என்று பதில் வந்தது. விற்பனையாக நினைத்தால் நீங்கள் வாங்கவில்லை, மானியமாக நினைத்தால் எங்களுக்குச் சட்டம் இல்லை.

இப்போது பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு. ராணுவ வீரரின் உயிர் சம்பந்தப்பட்டது, தரம் முக்கியம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், முழு மனதோடு. தரம் போதாதென்றால் சோதனையில் தோற்கடித்து அனுப்புங்கள். தேறிய பொருளுக்கு ஏன் அந்த வசனம்? சென்னையில் சில நிறுவனங்கள் பெரிய ஆர்டர் வாங்கியிருக்கின்றனவே என்பீர்கள். வாழ்த்துகள். மக்களின் வரிப்பணம் என்பீர்கள். ஆமாம், அதனால்தான் சொல்கிறேன். முன்மாதிரிக்குக் கோடி ரூபாய் கொடுத்துவிட்டு அதை அலமாரியில் வைப்பது யாருடைய பணம்?

அமெரிக்காவைப் பார் என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்த்தேன். அங்கே 1982-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் வெளியாருக்கு ஆய்வுப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு துறையும் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்கிறது. 0.2 விழுக்காட்டில் தொடங்கி இப்போது 3.2. அதில் பெரும்பகுதி ராணுவத்தின் பணம். யோசனையைச் சோதிப்பது, முன்மாதிரி செய்வது என்ற முதல் இரண்டு கட்டத்துக்குத்தான் அந்தப் பணம். பொருளை விற்கும் மூன்றாவது கட்டத்துக்கு இல்லை. ஆனால் முந்தைய கட்டங்களில் வென்றவரிடம் மறுபடி போட்டி வைக்காமல் நேராக வாங்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை, 2025 செப்டம்பர் 30-இல் அந்தத் திட்டத்தின் காலக்கெடு முடிந்தபோது உரிய நேரத்தில் நீட்டிக்காமல் அவர்களும் விட்டுவிட்டார்கள். நம் 2020 கொள்முதல் நடைமுறையிலும் ஐடெக்ஸில் வென்றவரிடம் வாங்க வழி போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். வழி இருக்கிறது, அதில் நடக்கத்தான் ஆளில்லை.

போர்க்கருவி செய்கிறவர்களுக்கு என்ன அனுதாபம் என்று கேட்ட தோழிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன் கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நாங்கள் செய்தது மோட்டார், துப்பாக்கி இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படிச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் எங்கள் பட்டறையில் வைண்டிங் சுற்றும் பெண்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுக்க வேண்டிய வாரத்தில் இந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டாம்.

அந்தப் பேச்சில் என்னை உண்மையில் சுட்டது மானியப் பேச்சு அல்ல. “லேத் பட்டறைக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்” என்றாரே, அது. 1937-இல் நாட்டின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் இந்த ஊரில்தான் உருவானது. ஜி.டி. நாயுடு எந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்? ஊரில் பாதிப்பேர் டிராயிங் பார்க்கக் கற்றுக்கொண்டது ஃபவுண்டரிப் புகைக்குள் நின்றுதான். எங்கள் மோட்டார் குளிரில் நின்றுபோனபோது கிரீஸை மாற்றச் சொன்னவர் பத்தாம் வகுப்பு தாண்டாத ஃபிட்டர். அறிக்கையில் அவர் பெயரைப் போட இடமே இல்லை. ‘முதன்மை ஆய்வாளர், கல்வித்தகுதி’ என்றுதான் கட்டம் இருந்தது.

அடுத்த சுற்றுக்கு விண்ணப்பம் போடலாமா என்று இவர் நேற்று கேட்டார். அறிவிப்பில் குறைந்தபட்சம் எத்தனை வாங்குவார்கள் என்று போட்டிருக்கிறார்களா, முதலில் அதைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.