லார்கானாவும் ஒரு சிரிஞ்சும்

பாகிஸ்தானில் எச்.ஐ.வி. என்று ஆரம்பித்தாலே, "முஸ்லிம் நாடாச்சே, அங்கே அதெல்லாம் கம்மி" என்பார்கள். கம்மிதான். சுன்னத்துக்கும் அதில் பங்கு உண்டு. பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பை அது ஏறக்குறைய 60 சதவீதம் குறைப்பதாக ஆப்பிரிக்காவில் நடந்த சோதனைகள் காட்டின. சரி, ஊசி வழியாக வந்தால்?

சிந்து மாகாணத்தின் லார்கானாவைப் பாருங்கள், பூட்டோ குடும்பத்தின் ஊர். 2003-ல் அங்கே போதை ஊசி போடுகிற 175 பேரைச் சோதித்ததில் 17 பேருக்குத் தொற்று. நரம்பு சிக்கியதா என்று பார்க்கக் கொஞ்சம் ரத்தத்தைச் சிரிஞ்சுக்குள் இழுப்பார்கள். மருந்து இறங்கிய பிறகும் ஊசி மாட்டுகிற இடத்தில் ஒரு சொட்டு தங்கிவிடும். அதே சிரிஞ்ச் பக்கத்தில் இருப்பவர் கைக்குப் போகும். இதைப் படிக்கும்போது 'போதைக்காரன், அவன் தலையெழுத்து' என்று தோன்றுகிறதா? எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது.

2019 ஏப்ரலில் அதே லார்கானா மாவட்டத்து ரத்தோடேரோவில் குழந்தைகளுக்கு விடாமல் காய்ச்சல். முகாம் போட்டுச் சுமார் 30,000 பேரைச் சோதித்தார்கள். 900 பேருக்கு மேல் தொற்று, அதில் ஐந்தில் நாலு பேர் குழந்தைகள். பெரும்பாலான தாய்மார்களுக்குத் தொற்றே இல்லை! கிளினிக்குகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சிரிஞ்சும் சலைன் செட்டும்தான் முக்கியக் காரணம்.

மாத்திரையில் சரியாகிற சளிக்கும் அங்கே ஊசி கேட்கிறார்கள். சிரிக்காதீர்கள். "ஊசி போடலையா? அப்புறம் எதுக்குக் காசு வாங்கினான்?" என்று என் அம்மாச்சியே டாக்டரைத் திட்டியிருக்கிறாள்.

எச்.ஐ.வி.க்குக் காரணம் 'நடத்தை' என்றதும் நமக்குப் படுக்கையறைதான் ஞாபகம் வருகிறது. பாலுறவு வழியாகவும் பரவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சிரிஞ்சைக் கழுவி மறுபடி எடுக்கிற கம்பவுண்டரின் கையும் நடத்தைதானே? அவரை யாரும் ஒழுக்கங்கெட்டவர் என்று சொல்வதில்லை.

ஊசி வழித் தொற்றைத் தடுக்க மார்க்கம்தான் தடை என்பவர்கள் ஈரானைப் பார்க்கட்டும். முல்லாக்கள் ஆளும் நாடு. போதைக்கு அடிமையானவர்களுக்குப் புது ஊசி கொடுத்தார்கள், போதை ஊசிக்குப் பதிலாக வாய்வழி கொடுக்கிற மெத்தடோன் மருந்தைச் சிறைக்குள்ளேயே கொடுத்தார்கள். 2005-ல் நீதித்துறைத் தலைவரே, இந்த வேலைக்குக் குறுக்கே நிற்காதீர்கள் என்று உத்தரவு போட்டார்.

ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்கிற சிரிஞ்ச் இருக்கிறது. இரண்டாவது ஆளுக்கு அதைப் போடவே முடியாது. பழைய ரக சிரிஞ்சுகளைப் பாகிஸ்தான் தடை செய்தது 2021-ல். ரத்தோடேரோவுக்கு அப்புறம்.