டைகோ உமெஹாராவை எதை வைத்து அளப்பது?

சண்டை கேம்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட அந்த வீடியோவை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். 2004, கலிஃபோர்னியா, சண்டை கேம்களின் பெரிய போட்டியான ஈவோ. ஆட்டம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். ஜப்பானின் டைகோ உமெஹாரா கென் என்ற பாத்திரத்தை வைத்து ஆடுகிறார், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் சுன்-லி என்ற பாத்திரத்தை வைத்து. கென்னுக்கு உயிர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒரு துளி பாக்கி. அந்த நிலையில் அடியைத் தடுத்தால்கூடப் போதாது, தடுத்த அடியிலிருந்து கசியும் சேதமே ஆளை முடித்துவிடும். ஜஸ்டின் சூப்பர் என்ற பெரிய சிறப்புத் தாக்குதலைப் போடுகிறார். சுன்-லி சரமாரியாக உதைத்துக்கொண்டு வருகிறாள்.

உமெஹாரா ஒவ்வொரு உதையையும் பேரி செய்கிறார். விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடியைத் தடுக்க ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டும். பேரி செய்ய, அடி வந்து விழும் கணத்தில் ஸ்டிக்கை எதிராளி பக்கமாகவே தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் சேதமே கிடையாது. பிசகினால் முழு அடி. நொடிக்கு 60 பிரேம் ஓடும் ஆட்டத்தில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில பிரேம்கள்தான். அந்தச் சூப்பரில் 15 தடவை தட்ட வேண்டும். முதல் உதையைப் பார்த்துவிட்டுத் தட்ட நேரமே இருக்காது, இப்போது வரப்போகிறது என்று ஊகித்துத்தான் தட்ட வேண்டும். அவர் எல்லாவற்றையும் பேரி செய்து, கடைசி உதையை அந்தரத்தில் பேரி செய்து, இறங்கி வந்து ஒரே காம்போவில், அதாவது விடாத தொடர் அடியில், ஆட்டத்தை முடிக்கிறார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கத்துகிறது.

இது மகத்தான ஆட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீடியோவைப் பகிர்கிறவர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. அது இறுதிப் போட்டி அல்ல, ஏற்கெனவே ஒரு முறை தோற்றவர்கள் ஆடும் பக்கத்தின் இறுதி. அதில் ஜெயித்த உமெஹாரா, அடுத்து வந்த பெரிய இறுதியில் கேஓ என்ற பெயரில் ஆடிய கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார். கோப்பை அவருக்கு வரவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலத்திலேயே இந்த விளையாட்டையே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவரைப் பற்றிப் பேச வேண்டுமானால் அங்கிருந்துதான் பேச வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1981-இல் ஆவோமொரியில் பிறந்தவர், வளர்ந்தது டோக்கியோவின் அடாச்சி பகுதியில். பள்ளி நாட்களிலேயே கேம் சென்டரே கதி. ஜப்பானிய கேம் சென்டரில் இரண்டு மெஷின்களை முதுகோடு முதுகாக வைத்திருப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. தோற்றவர் எழுந்து போவார் அல்லது இன்னொரு 100 யென் நாணயம் போடுவார். ஜெயித்தவர் அதே நாணயத்தில் தொடர்ந்து ஆடலாம். தொண்ணூறுகளில் நம் ஊர் வீடியோ கேம் கடைகளில் ரியூவையும் கென்னையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் பாதி பழக்கமானதுதான். ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்கள் யார் என்பதில்தான் வித்தியாசம். டோக்கியோவின் ஒரு நல்ல கடையில் ஒரே மாலையில் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் சிலர் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்காருவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பயின்றவர், 1998-இல் 17 வயதில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஸீரோ 3-இன் தேசியப் பட்டத்தை வென்றார். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய் அமெரிக்கச் சாம்பியன் அலெக்ஸ் வாலேயையும் வீழ்த்தினார்.

பதினேழு வயதில் உலகத்திலேயே முதல் ஆள். அதில் சோறு கிடைத்ததா? இல்லை. அந்தக் காலத்தில் சண்டை கேமில் ஜெயிப்பது ஒரு வேலை அல்ல. சம்பளம் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது, லீக் கிடையாது. ஜெயித்துவிட்டு வெளியே வந்தால் நீங்கள் கேம் சென்டரில் காலம் கழிக்கும் ஒரு பையன், அவ்வளவுதான். உலகத்தில் யாராலும் முடியாத ஒன்றைச் செய்கிறவனுக்கு, அதைச் செய்வதால் நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. இருபதுகளின் நடுவில் அவர் விலகியதை நான் சோர்வு என்றோ தோல்வி என்றோ பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்த பாதை அங்கேயே முடிந்துபோயிருந்தது.

அடுத்து அவர் போனது மாஜாங் என்ற ஓடுகளை வைத்து ஆடும் விளையாட்டுக்கு. ஜப்பானில் அதற்குத் தொழில்முறை அமைப்புகள் உண்டு. மூன்று வருடம் போலக் கடுமையாக உழைத்து, தொழில்முறை ஆட்டக்காரர்களோடு சமமாக உட்காரும் அளவுக்கு வந்தார். அப்புறம் அதையும் விட்டார். பிறகு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெற்றோர் மருத்துவத் துறையில் இருந்தவர்கள், அதனால் அந்த உலகம் அவருக்குப் புதிதல்ல.

இந்தப் பராமரிப்பு இல்லக் காலத்தைப் பலர் ‘வீணான ஆண்டுகள்’ என்று எழுதுகிறார்கள். இன்னும் சிலர் துறவி காட்டுக்குப் போய்த் திரும்பிய கதை மாதிரி ஜோடிக்கிறார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடு இல்லை. வயதானவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதும் அவர்களைத் தூக்கி உட்கார வைப்பதும் குளிக்க வைப்பதும் மரியாதையான உழைப்பு. அதை ஒருவனுடைய ஆட்ட வாழ்க்கையின் இடைவேளை என்று சொல்வது அந்த வேலையையும் அவமதிப்பது, அவரையும் அவமதிப்பது. அந்த நாட்களைப் பற்றி அவரே பின்னர் பேசியதில் எனக்குப் பிடித்தது இதுதான்: அங்கே ஜெயிப்பது தோற்பது எதுவும் இல்லை, அதுவே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பதினோரு பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் யாரையாவது வீழ்த்தியே ஆக வேண்டிய ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய இளைப்பாறல் என்று யோசித்துப் பாருங்கள்.

2008-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 ஆர்கேடுக்கு வருகிறது. நண்பர் ஒருவர் கூப்பிடப் போய், சும்மா உட்கார்ந்து ஆடிப் பார்க்கிறார். எதிரே வந்தவர்கள் எல்லாம் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள். சரி, மிச்சம் சரித்திரம். 2009 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அழைப்புப் போட்டி. அதிலும் ஜஸ்டின் வாங்கை வென்றார். அதே ஆண்டு ஈவோ இறுதியிலும் எதிரே ஜஸ்டின்தான். ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்த ஜஸ்டின் முதல் செட்டை எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தும் கோப்பை உமெஹாராவுக்கே போனது. 2010-இல் மறுபடியும் ஈவோ. அந்த ஆண்டு கேம் சாதனங்கள் செய்யும் மேட் கேட்ஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஜப்பானில் சண்டை கேம் ஆடுவது ஒருவருக்கு உத்தியோகமானது அப்போதுதான். 28 வயது அவருக்கு.

அவர் திறந்த கதவு வழியாக யார் யார் வந்தார்கள் என்று பார்த்தால்தான் அந்த ஒப்பந்தத்தின் கனம் புரியும். டோக்கிடோ என்ற ஹஜிமே தனிகுச்சி டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஜப்பானில் அந்தப் பட்டம் கையில் இருந்தால் எந்த அலுவலகக் கதவும் திறக்கும். அவர் அதை விட்டுவிட்டு சண்டை கேம் ஆடுவதைத் தொழிலாக எடுத்தார், 2017-இல் ஈவோவை வென்றார். உமெஹாரா முன்னால் போயிருக்காவிட்டால் டோக்கிடோ இந்நேரம் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

இந்தத் தொழில் இன்றும் உறுதியான தரை அல்ல. உமெஹாராவுக்கு முதலில் கைகொடுத்த மேட் கேட்ஸே 2017-இல் திவாலானது. 2018-இல் ஜப்பானில் இ-ஸ்போர்ட்ஸ் சங்கம் ஒன்று அமைத்து, தொழில்முறை உரிமம் வழங்க ஆரம்பித்தார்கள். அந்த உரிமத்தை வாங்க மறுத்த ஆட்டக்காரர் மொமோச்சி 2019-இல் டோக்கியோ கேம் ஷோவில் ஜெயித்தபோது, அறிவித்த பரிசில் மிகச் சிறு பகுதிதான் அவர் கைக்கு வந்தது. ஜெயித்தவனுக்கே பணம் கொடுக்காத ஏற்பாட்டை நான் எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்கமாட்டேன். ஆடுகிறவனின் கை வேலை செய்யும் வரை சம்பாதிக்கிறான். கேம் மாறினால் பத்து வருடப் பழக்கம் பாதி செல்லாது. ஒரு புதிய பதிப்பு வந்து அவன் ஆடும் பாத்திரத்தைப் பலவீனமாக்கினால் மறுபடி முதலிலிருந்து. இதற்கு நடுவில் ஓட்டல், விமானம், ஸ்ட்ரீமிங், ஸ்பான்சர் நிகழ்ச்சி. பிள்ளைகள் விளையாட்டு என்று வெளியே இருந்து சொல்கிறவர்கள் ஒரு மாதம் அந்த அட்டவணையில் இருந்து பார்க்கட்டும்.

இவ்வளவு நிச்சயமில்லாத தொழிலில் இருந்துகொண்டு அவர் செய்த ஒரு காரியம் என்னை அசைத்தது. 2015 டிசம்பரில், ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கிய கேப்காம் நிறுவனத்தின் கோப்பை இறுதியில் கஸுனோகோவிடம் தோற்று இரண்டாவது வந்தார். பரிசு 60,000 டாலர். அதை முழுசாக நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேம் சென்டருக்கு, மாணவர் உதவித்தொகைக்காகக் கொடுத்துவிட்டார். அவர் அங்கே படித்தவர் அல்ல, அமெரிக்கரும் அல்ல.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். 2010-க்கு அப்புறம் அவர் ஈவோ ஜெயிக்கவில்லை, அதனால் அவர் காலம் முடிந்தது, பெயர் மட்டும்தான் மிச்சம் என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. இவர்கள் கோப்பையை எண்ணுகிறார்கள். ஈவோ மாதிரிப் போட்டியின் அமைப்பைப் பாருங்கள். பெரும்பாலான சுற்றுகள் மூன்றுக்கு இரண்டு, மேலே போனால் ஐந்துக்கு மூன்று. இரண்டு முறை தோற்றால் வீட்டுக்கு. சண்டை கேமில் ஒவ்வொரு கணமும் ஊகம்: அடிப்பானா, பிடிப்பானா, காத்திருப்பானா. சில ஆட்டங்களில் ஊகம் தவறினால் உலகத்தில் முதல் ஆளும் காலையிலேயே வெளியேறிவிடுவார். அந்த அமைப்பு பார்க்க அபாரமாக இருக்கும், நானும் விடாமல் பார்க்கிறேன். ஆனால் யார் இந்த ஆட்டத்தை ஆழமாகப் புரிந்திருக்கிறார் என்பதை அது அளக்காது.

அதை அளப்பது நீண்ட மோதல். யார் முதலில் பத்து ஆட்டம் ஜெயிக்கிறாரோ அவர். அங்கே ஒரு தந்திரம் இரண்டு ஆட்டத்துக்குத்தான் உதவும். மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி அதைப் படித்திருப்பான், நான்காவதில் நீங்கள் அவன் படித்ததைப் படித்திருக்க வேண்டும். உமெஹாரா அங்கேதான் வேறு ஆள். 2012 ஈவோ சாம்பியன், கொரியாவின் இன்ஃபில்ட்ரேஷன். 2013-இல் அவரை 10-2 என்று வென்றார். முந்தைய ஆண்டின் சாம்பியனுக்கு இரண்டே ஆட்டம்.

அப்புறம் 2018 மார்ச். கெமோனோமிச்சி என்ற பெயரில் அவரே நடத்திய நிகழ்ச்சி. எதிரே டோக்கிடோ. அப்போது அவர்தான் நடப்பு ஈவோ சாம்பியன், வயது 32, உச்சத்தில் இருக்கிறார். உமெஹாராவுக்கு 36. ஆட்டம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, உமெஹாரா கைல் என்ற பாத்திரத்தை எடுத்தார், டோக்கிடோ அகுமாவை. பரிசுப் பணம் பேச்சே இல்லை, யார் பெரியவர் என்பது ஒன்றுதான் கேள்வி. உமெஹாரா 10-5. கைல் நின்று காத்திருந்து ஆடும் பாத்திரம். அதை வைத்துக்கொண்டு டோக்கிடோ எப்போது குதிப்பார், எப்போது முன்னே வருவார் என்பதை ஏற்கெனவே வாசித்துவிட்ட மாதிரி ஆடினார். முடிந்ததும் டோக்கிடோ மேடையிலேயே அழுதார். அந்த அழுகையை நான் மிகவும் மதிக்கிறேன். பணத்துக்காக ஆடுகிறவன் அப்படி அழமாட்டான்.

எத்தனை கோப்பை என்பதைவிட நேற்றைவிட இன்று கொஞ்சம் மேலே வந்தேனா என்பதே தன் அளவுகோல் என்று அவர் பல வருடமாகச் சொல்லி வருகிறார். கேட்பதற்குச் சுவரொட்டி வாசகம் மாதிரி இருக்கலாம். அந்தப் பதினைந்து ஆட்டங்களைப் பார்த்தால் அது வெறும் பேச்சல்ல என்று தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் முந்தைய ஆட்டத்தில் கற்றது ஒன்று கூடியிருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்த பிறகும், நாற்பதைத் தாண்டிய வயதில், தன் வயதில் பாதிகூட இல்லாத பையன்களோடு உட்கார்ந்து அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்.

‘எல்லாக் காலத்துக்குமான பத்து ஆட்டக்காரர்கள்’ என்று பட்டியல் போடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2018 மோதல் யூடியூபில் முழுசாகக் கிடைக்கிறது. முக்கியக் காட்சிகள் என்று வெட்டி ஒட்டியதைப் பார்க்காதீர்கள், முழு மோதலையும் ஒரே மூச்சில் பாருங்கள். பார்த்துவிட்டுப் பட்டியலோடு வாருங்கள், கீழே பேசுவோம்.