வேலைக்குப் போனவங்களாம்!

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததை எல்லோரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான்காரன் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்குப் போன மலாயாத் தமிழர்களை, நம் ஆட்களைப் பற்றி, "அவங்க என்ன போர்வீரர்களா, வேலைக்குப் போனவங்கதானே" என்றார் பேச்சாளர். கைதட்டல் வேறு. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வெட்கமும் சேர்ந்துதான் இப்போது எழுத வைக்கிறது.

வேலைக்குப் போனவங்க. சரி. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் பாதை அது. நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினான் ஜப்பான்காரன். ஆள் வராதபோது பிடித்து ஏற்றினான். நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். அதில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை பேர்? துல்லியமாக யாருக்கும் தெரியாது. கணக்கு வைத்தால்தானே தெரிவதற்கு?

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்தப் போர்க்கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 பேர், வரிசை வரிசையாக. கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. சிலவற்றில் வீட்டார் எழுதித் தந்த ஒரு வரி. ஏப்ரல் 25 விடியலில் ஆஸ்திரேலியர்கள் கடல் தாண்டி வந்து அந்தப் பாதையிலுள்ள ஹெல்ஃபயர் கணவாயில் நிற்கிறார்கள். அந்த நாளே முதல் உலகப் போரில், 1915இல், அவர்கள் படை துருக்கியின் கலிப்போலியில் இறங்கியதை நினைவுகூரும் நாள். அந்தப் போரில் அவர்கள் ஜெயிக்கவில்லை. தோற்ற போரை வைத்து 'நாங்கள் யார்' என்று ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. பொறாமைதான்.

யாருக்காகத் தலை குனிகிறோமோ அவர்களைத்தான் ஒரு நாடு 'நம்ம ஆள்' என்கிறது. மற்றவர்கள் வேலைக்குப் போனவங்க.

"பழசை எதுக்குக் கிளறணும்?" என்று வருவீர்கள். உங்கள் வீட்டுத் திதியை நிறுத்திவிட்டு வந்து கேளுங்கள்.

"ஆயுதம் ஏந்தியவனும் மண் சுமந்தவனும் ஒன்றா?" என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்விதான். அந்தக் கைதிகளும் அங்கே ஆயுதம் ஏந்தவில்லை, மண்தான் சுமந்தார்கள். ஒரே பாதை, ஒரே வாந்திபேதி. சாகும்போது சீருடை எந்தப் பக்கம் காப்பாற்றியது? அதிகாரிகளும் மருத்துவர்களும் கூட இருந்ததால் அவர்களுக்குப் பெயர்ப் பட்டியலாவது மிஞ்சியது. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. சரி, வெளியாளை விடுங்கள். நாமே என்ன செய்தோம்? நேதாஜி படையில் சேர்ந்த பெரியப்பாவின் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கியது. தொங்கட்டும், பெருமைதான். அதே வீட்டில் சயாமுக்குப் போன தாத்தாவைப் பற்றிப் பேச்செடுத்தால் "சும்மா இரு" என்பார்கள். கைதட்டியவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தா இருப்பார்.

எங்கள் பாட்டிக்குப் பொட்டை எப்போது அழிப்பது என்றே தெரியவில்லை. 1945க்குப் பிறகு திரும்பி வந்த ஒருவர், காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்தேன் என்றார். இன்னொருவர், இல்லை, நடந்து போனதைப் பார்த்தேன் என்றார். பாட்டி அந்த இரண்டாவது ஆளைத்தான் நம்பினாள். பல வருஷம் பொட்டோடுதான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனாள். யாரோ முணுமுணுத்த பிறகு ஒருநாள் தானே அழித்துக்கொண்டாள். இறந்த தேதி தெரியாததால் ஆடி அமாவாசைக்கு இலை போடுவாள். போட்டுவிட்டு, வாசல் கதவைச் சாத்த மட்டும் விடமாட்டாள்.