வளைகுடாத் தங்கம் தூய்மையில் உயர்ந்ததன்று
"வளைகுடாவில் விற்கும் தங்கமே சுத்தமானது, அதனால்தான் அங்கு வசிக்கும் மலையாளிப் பெண்கள் நகைகளை வாங்கிக் குவிக்கிறார்கள்" என்று சொல்லப்படுவது தவறு. துபாயின் தேரா சந்தையில் வாங்கினாலும் திருச்சூரில் வாங்கினாலும், முறையான 22 காரட் நகையில் ஆயிரத்துக்கு 916 பங்குதான் தங்கம். வேறுபாடு விலையில் இருக்கிறது. 2022 ஜூலையில் 15 விழுக்காடாக உயர்த்திய தங்க இறக்குமதி வரியை இந்தியா 2024 ஜூலையில்தான் 6 விழுக்காடாகக் குறைத்தது என்பதால், அந்த இடைப்பட்ட காலத்தில் அங்கு வாங்கி, சுங்க வரியின்றிக் கொண்டுவர அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் கொண்டுவந்தவர்களுக்குக் கணிசமான தொகை மிஞ்சியது.

'குவிக்கிறார்கள்' என்ற சொல்லும் நியாயமானதன்று. அங்கே செவிலியராகப் பணிபுரியும் ஒரு பெண் மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கும் வளையல், அவருடைய சொந்தச் சேமிப்பு. வீட்டில் அவசரம் வந்தால், யாரிடமும் கைநீட்டாமல் அதை ஊர் வங்கியில் அடகு வைத்துப் பணம் பெற அவரால் முடியும்.