போகும் இடம்தான் குற்றம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து ஆண்டு விழாவில் பேசப்பட்டதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்காக அந்தக் காணொளி வட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "நிரந்தர உத்தியோகத்தை உதறிவிட்டுத் தேயிலைத் தோட்டம் சுற்றப் போகிறார்களாம், இதற்காகவா தாய் தகப்பன் படிப்பித்தது" என்று மேடையில் பேசிய ஊர்ப் பெரியவர் கேட்டதும் மண்டபம் சிரித்தது. வேலையை விட்டு மலைநாட்டில் நடக்கப் போவது நான்தான்; அவர் என் பெயரைச் சொல்லவில்லை என்பது உண்மைதான். பெயர் சொல்லாதபோது உனக்கேன் சுடுகிறது, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று ஓர் உறவினர் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் வேலையை விட்டுவிட்டு மலைநாட்டில் நடக்கப் போகிறவர்கள் வேறு எத்தனை பேர் என்று அவர் சொன்னால் நல்லது. கமராக்காரருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. சிரிப்பு எழுந்தவுடன் மூன்றாம் வரிசையில் இருந்த என் அம்மாவின் பக்கம்தான் திருப்பினார். அம்மா நிகழ்ச்சிநிரலை நான்காக மடித்து, விரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வேலையை விடுவது இந்த ஊரில் ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை. போகும் இடம்தான் குற்றம். கனடாவுக்கு விசா கிடைத்து, ஒரு மாத அறிவித்தல்கூடக் கொடுக்காமல் போனவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டியிருக்கிறோம். மாப்பிள்ளை வெளிநாடு என்று ஆசிரியர் நியமனத்தையே விட்டுப் போன பெண்களை யாரும் மேடையில் வைத்துக் கேள்வி கேட்டதில்லை. சட்டமும் பெரியவரின் பக்கம்தான் நிற்கிறது. ஊழியர் சேமலாப நிதியில் என் சம்பளத்திலிருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமும் சேர்ந்த பணத்தை, திருமணத்துக்காக வேலையை விடும் பெண்ணும் நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறவரும் முன்கூட்டியே எடுக்கலாம்; என்னைப் போன்றவள் 50 வயதுவரை காத்திருக்க வேண்டும். பரவாயில்லை, காத்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படி உரிய பணிக்கொடை எனக்கும் உண்டு, கையில் கொஞ்சம் சேமிப்பும் உண்டு. யாரிடமும் கைமாற்றுக் கேட்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அப்படியும் ஒரு கதை உலாவுகிறது.

லீவு எடுத்துப் போயிருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. கேட்பவர்களில் பாதிப்பேர் அரசாங்க உத்தியோகத்தர்கள். தனியார் அலுவலகத்தில் சட்டப்படி வருடத்துக்கு 14 நாட்கள் வருடாந்த லீவு, 7 நாட்கள் அமய லீவு. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல என்று மலைநாட்டைச் சுற்றி நுவரெலியாவில் முடியும், நான் நடக்கப் போகும் பெக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது, 22 கட்டங்கள் கொண்டது. காலுக்கு ஓய்வு, மழைக்கு ஒதுக்கம், போக வரப் பயணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். சம்பளமில்லாத லீவு கேட்டேன். "மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா" என்று கேட்டார்கள். நோயாளியாக இருந்திருந்தால் போகலாம், நலமாக இருந்ததால் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

நோய் என்றதும் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவுமே இல்லாததால், நாவற்குழியில் இருந்து கேரதீவுப் பக்கம் நடந்து, சங்குப்பிட்டிப் பாலத்தின் ஏற்றத்தில் ஏறி இறங்கித்தான் பழகுகிறேன். முதுகுப் பையில் பத்துக் கிலோ குத்தரிசி. இறக்கத்தில் கால்விரல்கள் சப்பாத்தின் முனையில் போய் முட்டி நகம் கறுக்கும் என்பதால் சப்பாத்தை அரை அளவு பெரிதாக வாங்கியிருக்கிறேன். இறக்கம் பழகுவதற்கென்று ஒரு மாடிக்கட்டடத்தின் படிகளையும் விட்டுவைக்கவில்லை. வழியில் சைக்கிளில் வந்த ஒரு ஐயா நின்று, "என்ன பிள்ளை, சீனி வருத்தமோ? டொக்டர் நடக்கச் சொன்னவரோ?" என்று மிகுந்த பரிவோடு கேட்டார். இல்லை ஐயா என்றேன். அந்தப் பரிவு உடனே போய்விட்டது, பையில் என்ன என்று சந்தேகமாகப் பார்த்தார். டொக்டர் சொன்னால் நடக்கலாம், செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்து மாதக்கணக்கில் நடக்கலாம். அந்தப் பாதயாத்திரையை நான் குறைத்துச் சொல்லவில்லை. உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகளுக்குள் நடந்துபோகும் அந்த அம்மாமாரின் கால்களுக்கு முன்னால் என் சப்பாத்து ஒன்றுமே இல்லை. ஆனால் அவர்களிடம் யாரும் இதற்காகவா படிப்பித்தது என்று கேட்பதில்லையே.

பெண்பிள்ளை தனியாகவா என்று கேட்பவர்களில் சிலருக்கு உண்மையான அக்கறை இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆள் நடமாட்டம் இல்லாத பகுதிகளில் அந்தந்த ஊர் வழிகாட்டியோடுதான் நடப்பேன். இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்வேன். ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு அழைப்பேன். ஆனால் இத்தனை வருடமும் இரவு ஏழரைக்குக் கணக்கு முடித்துவிட்டு, தெருவிளக்கு எரியாத ஒழுங்கைக்குள்ளால் தனியாக ஸ்கூட்டரில் வந்தபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நாட்டில் வேலையே இல்லாதபோது கிடைத்த வேலையை விடலாமா என்பவர்களுக்கு, என் கதிரை காலியாகத்தான் இருக்கிறது, விண்ணப்பியுங்கள்.

இனி, அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். உத்தியோகம் என்ற இடத்தில் மண்டபம் சிரிக்கவில்லை, படிப்பு என்ற இடத்திலும் சிரிக்கவில்லை. காணொளியை மீண்டும் போட்டுக் கேளுங்கள், "தேயிலைத் தோட்டம்" என்ற இடத்தில்தான் சிரித்தது. அதே பெரியவர் சுவிஸில் பனிமலைக்கு முன்னால் மருமகனோடு நின்று எடுத்த படத்துக்கு நானும்தான் விருப்பம் போட்டேன். அது மலை, இது தோட்டமா? ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. அதற்கும் முன்பு, கோப்பிக் காலத்தில், தமிழகத்தில் இருந்து வள்ளத்தில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு வழியே மாத்தளை வரைக்கும் நடத்திச் செல்லப்பட்டார்கள், வழியிலேயே நோயிலும் பசியிலும் செத்தவர்கள் கணக்கில்லை. அவர்கள் வந்து சேர்ந்த 200 வருட நினைவாக 2023 இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தபோது, ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் இருந்து சிரித்தவர்களில் சிலர் அந்தப் படங்களைத் தங்கள் பக்கங்களில் பகிர்ந்திருந்தார்கள். அவர்கள் நடந்தால் வரலாறு, நான் அந்தப் பக்கம் நடந்தால் பகிடி. யாழ்ப்பாணத்து வீடுகளில் தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது, குசினிக்குள்ளே தனிக்கோப்பையும் இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தச் சிரிப்பைக் கேட்கும்வரை.

நான் ஆராய்ச்சிக்குப் போகவில்லை, சேவைக்குப் போகவில்லை, யாரையும் முன்னேற்றவும் போகவில்லை. நடக்கப் போகிறேன், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நியாயம் வேண்டுமென்றால், விசாவுக்கு என்ன நியாயம் சொன்னீர்களோ அதையே எனக்கும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாசி பிறந்ததும் புறப்பாடு. மலையக நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்புத் துணி நல்லதா, சவர்க்காரம் பூசுவது நல்லதா? கடையில் விற்கும் நீளக் காலுறைக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் அட்டையே பரவாயில்லை போலிருக்கிறது. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மற்றைய ஆலோசனைகள் போதியளவு வந்து சேர்ந்துவிட்டன.