கமேரோ வெறும் நகல் இல்லை

ஃபோர்டின் மஸ்டாங் கார் விற்பனையைப் பார்த்து செவர்லே கம்பெனி அவசரமாகச் செய்த நகல்தான் கமேரோ கார் என்று, நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது உறுத்தியது. 1964 ஏப்ரலில் மஸ்டாங் வந்தது, இரண்டு வருஷம் கழித்துத்தான் கமேரோ வந்தது, எல்லாம் சரி. ஆனால் போட்டி சூடு பிடித்தது ஷோரூமில் இல்லை, டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரில்.

அங்கே எஞ்சின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. செவர்லேகாரர்கள் தங்களுடைய 327 கன அங்குல எஞ்சினின் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் உடல் பகுதி) எடுத்து, அதில் 283 கன அங்குல எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பொருத்தினார்கள். கணக்குப் போட்டால் 302 கன அங்குலம், அதாவது சுமார் 4.95 லிட்டர், வரம்புக்குள் மயிரிழையில் நிற்கும். அந்த எஞ்சினோடு வந்த கமேரோதான் இசட்/28. எப்பேர்ப்பட்ட மூளை! 1968, 1969 இரண்டு வருஷமும் ரோஜர் பென்ஸ்கி அணியின் கமேரோவில் மார்க் டானஹூ அடித்து நொறுக்கினார்.

ஃபோர்டு சும்மா இருக்குமா? பாஸ் 302 என்ற மஸ்டாங் இறங்கியது. அதே நாலு அங்குல போர் (சிலிண்டரின் விட்டம்), அதே மூன்று அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), காகிதத்தில் அதே 290 குதிரைத்திறன். வித்தியாசமெல்லாம் சிலிண்டர்களை மூடும் மேல் பகுதியான சிலிண்டர் ஹெட்டில்: பெரிய வால்வுகள், சாய்த்து வைத்தவை. 1970-இல் பார்னெல்லி ஜோன்ஸ் ஓட்ட, பட்டம் ஃபோர்டுக்குத் திரும்பியது. (பென்ஸ்கி அதற்குள் கமேரோவை விட்டு ஏஎம்சி கம்பெனியின் ஜாவ்லின் காருக்கு மாறியிருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

நான் மஸ்டாங் கட்சிதான். ஆனால் கமேரோ இல்லாவிட்டால் பாஸ் 302 என்ற வண்டியே பிறந்திருக்காது. 2023 கடைசியில் கமேரோ உற்பத்தியை நிறுத்தியபோது எனக்கும் மனசு கனத்தது.