கழுத்து வலிக்கு மெஷினில் படுக்க வைப்பதுதான் வைத்தியமா?

கழுத்து வலி என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஏறி இறங்கிய எல்லா பிசியோதெரபி நிலையத்திலும் ஒரே பாட்டுதான். "பத்து சிட்டிங் எடுங்க, சரியாயிடும்." என்ன வேலை செய்கிறீர்கள், வலி கைக்கு இறங்குகிறதா, விரல் மரத்துப் போகிறதா என்று உட்கார்ந்து கேட்க ஆளில்லை. முதலில் சூடு. அடுத்து கழுத்தில் பட்டைகளை ஒட்டி, வலி அடங்க லேசாக மின்சாரம் பாய்ச்சும் ஐஎஃப்டி கரண்ட். அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். கடைசியில் தாடையில் வார் மாட்டிக் கழுத்தை இழுக்கிற ட்ராக்ஷன். பக்கத்துக் கட்டிலில் ஐடி வேலைக்காரப் பையன், அந்தப் பக்கம் பைக்கில் விழுந்த பெரியவர். அவர்களுக்கும் இதேதான்! மெஷினை ஆன் பண்ணிவிட்டு ஃபோனோடு வெளியே போகிறவரிடம் என்னத்தைக் கேட்பது?

அம்மாவுக்குக் கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில் வேலை. முந்திரிப் பருப்பின் தோலைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். பருப்பு உடைந்தால் விலை போச்சு. அதனால் கண் அதைவிட்டு நகராது, குனிந்த தலை குனிந்தபடியே இருக்கும். கூலியும் கிலோ கணக்கு என்பதால் நடுவில் எழுந்து கழுத்தை நிமிர்த்த யாருக்கும் மனசு வராது. இப்படி வருஷக்கணக்கில் குனிந்த கழுத்துக்குப் பத்து நாள் கரண்ட் வைத்தால் போதுமா? அம்மா சொல்வது இதுதான்: "மக்களே, அங்க கிடக்கும்போ சுகமாத்தான் இருக்கு. மறுநாள் குனிஞ்சா பழைய குருடி கதவைத் திறடிதான்." சிட்டிங் போகிற நாளெல்லாம் கூலியும் போகிறது. பஸ் செலவு, ஆட்டோ செலவு வேறு.

வயிறு எரிவது எதற்கென்றால், எந்தச் சிகிச்சை எவ்வளவு பலன் தரும் என்று உலகத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. 2012இல் அமெரிக்காவில் 272 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. காரணம் இன்னதென்று பிடிபடாத, சில வாரங்களாக இருக்கிற கழுத்து வலி அவர்களுக்கு. ஒரு பிரிவுக்குக் கையால் முதுகெலும்பை அசைத்துச் செய்யும் சிகிச்சை, ஒரு பிரிவுக்கு மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு வீட்டில் செய்யப் பயிற்சி. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கைச் சிகிச்சையும் வீட்டுப் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே பலன், மாத்திரை இரண்டுக்கும் பின்னால். அந்தப் பயிற்சியை எத்தனை தடவை கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள் தெரியுமா? இரண்டே தடவை, ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம். இங்கே அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

2003இல் பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள அலுவலகப் பெண்கள் 180 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். கழுத்துத் தசைக்கு வலுவேற்றும் பயிற்சி செய்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது, அல்லது போயே போனது. அந்த வலுப்பயிற்சி இல்லாத பிரிவில் 21 சதவீதம்தான். அதுவும் கழுத்தைக் குனிந்து பிழைக்கிற பெண்கள்தானே? அந்தப் பாடம் அண்டி ஆபீஸ் பெண்களுக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை?

சூடும் கரண்டும் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலி கொஞ்ச நேரம் அடங்கும், அடங்கிய அந்த நேரத்தில் பயிற்சி செய்யலாம். கரண்டோடு அனுப்பிவிடுவதுதான் அநியாயம். ட்ராக்ஷனும் அப்படித்தான். நரம்பு நெரிந்து வலி கைக்கு இறங்குகிறவர்களுக்குப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் உதவலாம், வெறும் கழுத்து வலிக்கு எல்லோருக்கும் வார் மாட்டுவதற்கு என்ன நியாயம்? கழுத்தில் மாட்டுகிற காலரும் நரம்பு வலி புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்ச நாளைக்குத்தான். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தால் இருக்கிற தசையும் வலுவிழக்கும். இதை எந்தக் கடைக்காரர் சொல்லி விற்கிறார்?

போதாததற்கு ஸ்கேனைக் காட்டி ஒரு மிரட்டல். "எலும்பு தேய்ஞ்சு போச்சு, ஜவ்வு பிதுங்கிடுச்சு." அம்மா அன்று ராத்திரி தூங்கவில்லை. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்கு! இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஓர் ஏழைப் பெண்ணின் பயம் போயிருக்கும்.

எங்கள் மாவட்டத்தில் வர்ம ஆசான்களுக்குக் குறைவில்லை. நல்ல ஆசான் எண்ணெய் போட்டு உழிந்தால் இறுக்கம் இளகுவது உண்மைதான். ஆனால் சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்களே, அதற்கு மட்டும் கழுத்தைக் கொடுக்காதீர்கள். அபூர்வம்தான், ஆனாலும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

அம்மாவுக்குக் கடைசியில் ஒரு பிசியோ பெண் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, குனியாமல் மோவாயை மட்டும் நேராகப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணுகிற வரை நிறுத்து. நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாதபடி கைக்கு எதிராகத் தள்ளு. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து விடு. கிலோ நிறுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தடவை செய் என்று வேலையோடு சேர்த்துச் சொன்னாள் அந்தப் பிள்ளை. மெஷின் இல்லை, கரண்ட் பில் இல்லை. முதல் நாளே இதைச் சொல்ல மற்றவர்களுக்கு என்ன கேடு? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அரசு பிசியோவை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. அவர்கள் என்ன ட்ராக்ஷன் கட்டிலைத் தலையில் சுமந்துகொண்டா வருகிறார்கள்?

கையில் பிடி தளர்ந்தால், சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால், நடை தள்ளாடினால், கழுத்து வலியோடு காய்ச்சல் வந்தால் பிசியோவுக்கும் முன்னால் டாக்டரிடம் ஓடுங்கள். மற்றபடி பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள். எனக்கு வீட்டில் செய்ய என்ன பயிற்சி சொல்லித் தருவீர்கள், என் வேலைக்கு ஏற்ற மாதிரி அதை எப்படி மாற்றுவீர்கள், மூன்றாவது சிட்டிங்கில் பலன் இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.